ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலக் கூட்டத்தில் சேர்ந்தால் பேச்சு வருமா?

கேள்வி இது: "தமிழ் வழியில் படித்தவன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிவிடுவேன். வீடியோ அழைப்பில் வெளிநாட்டு பையர் (துணி வாங்குபவர்) ஏதாவது கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் சிலர் கூடி, பாடப்புத்தகம் எதுவும் இல்லாமல் ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறார்கள். அதில் சேர்ந்தால் பலன் இருக்குமா, இல்லை பணம் கட்டி இன்ஸ்டிட்யூட்டுக்கே போகட்டுமா?"

சேருங்கள். உங்கள் நிலைமைக்கு அதுதான் பொருத்தம். மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு இலக்கணம் ஓரளவு கைவசம் இருக்கிறது. டென்ஸ் அட்டவணையைப் பலகையில் எழுதிப் போடும் இடத்துக்குப் பணம் கட்டினால், தெரிந்ததையே இன்னொரு முறை தெரிந்துகொண்டு வருவீர்கள். ஆனால் 'சும்மா பேசுகிற' கூட்டங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. நல்ல டீ, நல்ல நட்பு, அதோடு சரி என்று முடிந்துபோகும் கூட்டங்களும் உண்டு. அதனால் பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிறு போய் ஓரமாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மணி நேரம், இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டால், ஆளுக்கு மூன்று நிமிடம். நடத்துபவர் பாதி நேரத்தைத் தானே எடுத்துக்கொண்டால் ஒன்றரை நிமிடம். பெரும்பாலும் எடுத்துக்கொள்வார், அவருக்கு ஆங்கிலம் பேசப் பிடிக்கும். அதே இருபது பேரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்கார்ந்தால் ஆளுக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. சந்தைக்கடை போல இரைச்சலாக இருக்கும், இருக்கட்டும். அமைதியாக நடக்கும் பேச்சு வகுப்பில் யாரோ ஒருவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

'நிறையக் கேட்டாலே போதும், தானாக நாக்குக்கு வந்துவிடும்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். கனடாவில் இது பெரிய அளவிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் நடத்தும் வகுப்புகள் அங்கே 1960களில் தொடங்கின. கணக்கையும் வரலாற்றையும் பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே படித்த அந்தப் பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளை நெருங்கிவிட்டார்கள். பேச்சில் நெருங்கவில்லை. மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் 1985-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: வாயைத் திறந்து, தெளிவாக, முழுசாகச் சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் அந்த வகுப்புகளில் அவர்களுக்குப் போதிய அளவு வாய்க்கவில்லை. கேட்கும்போது நாலு வார்த்தை பிடிபட்டால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். சொல்லும்போது எந்த வினை, எந்தக் காலம், எது முன்னால், எது பின்னால் என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்தாக வேண்டும். மின்னஞ்சலில் அதற்கு உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. அழைப்பில் அந்த நேரம் இல்லை. உங்கள் சிக்கல் அவ்வளவுதான்.

ஆகவே பேச்சுக்கூட்டம் உங்களுக்குத் தரவேண்டியது புதிய ஆங்கிலம் அல்ல. ஏற்கெனவே உள்ள ஆங்கிலத்தை எடுத்துக் கொடுக்கும் வேகம். அந்த வேகம் எப்படி வருகிறது என்பதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கோட்டை விடுகின்றன.

சீனாவில் ஷாங்காய் மக்கள் பூங்காவிலும் பெய்ஜிங்கின் ரென்மின் பல்கலைக்கழக வளாகத்திலும் 'இங்கிலீஷ் கார்னர்' என்ற பெயரில் ஆட்கள் கூடிப் பேசும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆசிரியர் இல்லை, கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் நின்று பேசலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் இப்படிப்பட்ட திறந்த கூட்டங்களுக்கு எந்த ஊரிலும் ஒரு நோய் உண்டு. உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை, பொழுதுபோக்கு என்ன, ஏன் ஆங்கிலம் கற்கிறீர்கள் என்று ஐந்து கேள்வி முடிந்ததும் பேச்சு வற்றிவிடும். அடுத்த வாரம் புது முகம் வந்தால் மறுபடியும் அதே ஐந்து. ஓராண்டு போனபிறகு அந்த ஐந்து பதிலும் தங்குதடையின்றி வரும். ஆறாவது கேள்வி வந்தால் பழைய கதைதான்.

இதற்கு மருந்தாகத் தலைப்பை வாரம்தோறும் மாற்றுவார்கள்: இந்த வாரம் சுற்றுச்சூழல், அடுத்த வாரம் பெண் கல்வி. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சுற்றுச்சூழலைப் பற்றித் தமிழிலேயே மூன்று நிமிடம் சொல்ல நம்மில் பலருக்கு விஷயம் இல்லை. பொருள் தெரியாத தலைப்பில் தடுமாறினால் அது மொழித் தடுமாற்றமா, விஷயத் தடுமாற்றமா என்றே தெரியாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தை, அது கொஞ்சமும் தெரியாத ஒருவரிடம், ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் வேகம் வருகிறது.

இதற்குப் பெயர் பெற்ற ஒரு முறை உண்டு: நான்கு, மூன்று, இரண்டு. கீத் மாரிஸ் என்பவர் 1983-இல் எழுதினார், நியூசிலாந்தின் மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் 1989-இல் ஆராய்ந்து பரப்பினார். ஒரே செய்தியை முதல் ஆளிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். ஆளை மாற்றி, அதையே மூன்று நிமிடத்தில். மறுபடி ஆளை மாற்றி, இரண்டு நிமிடத்தில். அவ்வளவுதான் விதி. ஆள் மாறுவதால் சொல்லவேண்டிய தேவை உண்மையாக இருக்கிறது. செய்தி மாறாததால் மூளை மொழியைக் கவனிக்கிறது.

நான் நடத்தும் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். சாயப்பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். எதிரே ஒரு மருத்துவமனைச் செவிலியர். ஒரு லாட் துணியை ஏன் மறுபடியும் சாயம் போட நேர்ந்தது என்று இளைஞர் சொல்ல வேண்டும். முதல் நான்கு நிமிடத்தில் 'வாட் ஹேப்பண்ட் மீன்ஸ்' என்பது மூச்சுக்கு மூச்சு வந்தது. 'லேப் டிப் அப்ரூவ்டு, பல்க் ரிஜெக்டட்' என்றார்; சாயமிட்ட மாதிரித் துண்டுக்கு ஒப்புதல் கிடைத்தது, மொத்தத் துணி நிராகரிக்கப்பட்டது என்று பொருள். அந்த அம்மாவுக்கு லேப் டிப்பும் தெரியாது, பல்க்கும் தெரியாது, நிறுத்திக் கேட்டுவிட்டார். இவர் கையை விரித்துக் காட்டி, 'ஸ்மால் க்ளாத், ஃபர்ஸ்ட் வீ டை, வீ சென்ட்' என்றார். பிறகு, 'சேம் கலர், பட் நாட் சேம் கலர்' என்றார். செவிலியர் சிரித்துவிட்டார். அது எப்படி ஒரே நிறம் ஒரே நிறமில்லாமல் போகும்?

கேள்வி நியாயமானது, பதிலும் இவரிடம் இருந்தது. இரண்டு துணி ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்று சற்றே பச்சையடிக்கும். சாயக் கலவை வேறாக இருந்தால் இப்படி ஆகும். அதனால்தான் எந்த விளக்கில் பார்க்க வேண்டும் என்று பையர் முன்பே சொல்லி, லைட் பாக்ஸில் (நிறம் பார்ப்பதற்கான விளக்குப் பெட்டி) வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். இதைத்தான் இளைஞர் 'இன் ட்யூப் லைட் சேம், இன் சன்லைட் டிஃபரண்ட்' என்று கடைசியில் பிடித்தார். நேரம் முடிந்தது.

இரண்டாம் ஆளிடம் போனபோது 'ஸ்மால் க்ளாத்' விளக்கம் கேட்கப்படாமலேயே முதலில் வந்துவிட்டது. செவிலியர் எங்கே இடறினார் என்பது இவருக்கு நினைவிருந்தது. மூன்றாம் ஆளிடம் 'வாட் ஹேப்பண்ட் மீன்ஸ்' ஒரே முறைதான் வந்தது. விளக்கைப் பற்றிய வாக்கியம் ஒரே மூச்சில், நடுவில் நிற்காமல் வந்தது. யாரும் அவருக்கு ஒரு புதிய சொல்லும் கற்றுத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரே தலைப்பை மறுபடி மறுபடி சொல்வது அலுப்பாக இருக்காதா என்று கேட்பார்கள். நெல் டி யோங், சார்ல்ஸ் பெர்ஃபெட்டி என்ற இருவர் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற வெளிநாட்டு மாணவர்களிடம் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் ஒரே செய்தியை மூன்று முறை சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி சொன்னார்கள். பயிற்சியின்போது இரு பிரிவினருக்கும் சரளம் கூடியது; பிற்பாடு புதிய தலைப்பில் பேசவைத்தபோது அது நிலைத்திருந்தது திரும்பச் சொன்னவர்களிடம்தான். ஆகவே நீங்கள் போகும் கூட்டத்தில் ஒருவர் தான் சொன்னதையே திரும்பச் சொல்ல வாய்ப்பில்லை என்றால், இடைவேளையில் வேறு ஒருவரைப் பிடித்து நீங்களே சொல்லிவிடுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

இதில் ஒரு குறை இருக்கிறது. வேகம் வருமே தவிர, பிழை போகாது. முதல் முறை சொன்ன தவறு மூன்றாம் முறை இன்னும் வேகமாக வரும். எல்லாரும் தமிழர்களாக உள்ள கூட்டத்தில் இது கூடுதல் சிக்கல், ஏனென்றால் உங்கள் பிழை எதிரே இருப்பவரின் பிழையும்தான். அவருக்கு முழுசாகப் புரிந்துவிடும், காதில் உறுத்தவே உறுத்தாது.

உங்கள் வேலையில் காசுக்குக் கேடு செய்யக்கூடிய ஒரு பிழையைச் சொல்கிறேன். சரக்கு இன்னும் போகவில்லை. பையர் 'ஹேவன்ட் யூ ஷிப்ட் இட்?' என்று கேட்கிறார். 'இன்னும் அனுப்பவில்லையா?' என்று தமிழில் கேட்டால் 'ஆமாம், அனுப்பவில்லை' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் ஆமாம் அது. அதே பழக்கத்தில் நீங்கள் 'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், சரக்கு புறப்பட்டுவிட்டது என்று அவர் குறித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும், நடந்திருந்தால் 'யெஸ்', நடக்கவில்லை என்றால் 'நோ'. 'நோ, நாட் யெட்' என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள். இதை ஜோடியாக உட்கார்ந்து இருபது கேள்வி கேட்டுப் பழகினால் ஒழியப் போகாது. தலைக்குத் தெரிந்தாலும் நாக்கு கேட்காது.

இன்னொன்று, 'வென் யூ வில் கன்ஃபர்ம்?' தமிழில் வாக்கியத்தை அப்படியே வைத்து 'எப்போது' என்று சேர்த்தால் கேள்வியாகிவிடும். எதுவும் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'வில்' முன்னே தாண்டி வர வேண்டும்: 'வென் வில் யூ கன்ஃபர்ம்?' இது தவறானாலும் பையருக்குப் புரிந்துவிடும், எனவே அவசரம் குறைவு.

சரி, யார் திருத்துவது? ஒவ்வொரு வாக்கியத்தையும் இடைமறித்துத் திருத்தும் நடத்துநர் இருந்தால் அந்தக் கூட்டத்தை விட்டு வந்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் பேசவே பயம் வந்துவிடும். அதற்காகத் தவறைத் தொடாமல், சரியான வடிவத்தை நாசூக்காகத் தானே திருப்பிச் சொல்லிவிட்டு நகரும் ஆசிரியரும் பெரிதாகப் பயன்பட மாட்டார். ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் அதே கனடாப் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து 1997-இல் எழுதியது இதுதான்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த நாசூக்கு முறையை, மாணவர்கள் தங்கள் தவறைத் தாங்களே சரிசெய்துகொண்டது மற்ற முறைகளில்தான். 'என்ன சொன்னீர்கள், இன்னொரு முறை?' என்று கேட்டு, சரியான வடிவத்தை நம் வாயிலிருந்தே வரவழைக்கும் முறைகள் அவை. நல்ல நடத்துநர் பேச்சு ஓடும்போது வாயைத் திறக்காமல் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, முடிந்ததும் ஆளுக்கு இரண்டு பிழையை மட்டும் சொல்லி, அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வைப்பார். இரண்டு போதும். பத்து சொன்னால் பத்தும் மறந்துபோகும்.

அப்படி ஒருவர் இல்லையென்றால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடப் பதிவை அன்று இரவு கேட்டு, சொன்னபடியே எழுதிப் பாருங்கள். எழுத்தில் உங்களுக்கு ஆங்கிலம் வரும் அல்லவா, தாளில் கண்டதும் பிழை தானே கண்ணில் படும். தன் குரலைக் கேட்கப் பலருக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வெள்ளைக்காரர் போலப் பேசவேண்டிய தேவை யாருக்கும் இல்லை, உங்கள் பையர்களில் பலருக்கே ஆங்கிலம் இரண்டாவது மொழி. ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு விஷயம். தமிழில் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே கனத்தில் உச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை மங்கும். அந்த ஓங்கிய அசையைப் பிடித்துத்தான் கேட்பவர் சொல்லை அடையாளம் காண்கிறார். நேர்காணலில் எதிர்கால வேலைவாழ்வைப் பற்றிப் பேசும்போது 'கேரியர்' என்று முதல் அசையில் கனம் வைத்தால், எதிரே இருப்பவர் காதில் டிபன் கேரியர்தான் விழும். அந்தச் சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையில். உங்களுக்கு இதைவிட ஆபத்தானது 'தர்ட்டீன்', 'தர்ட்டி'. பதின்மூன்றாயிரம் பீஸா, முப்பதாயிரம் பீஸா? பதின்மூன்றில் 'டீன்' நீண்டு ஓங்க வேண்டும், முப்பதில் 'தர்' ஓங்கி 'டி' சுருங்க வேண்டும். எண் வந்தாலே 'ஒன் த்ரீ, தர்ட்டீன்' என்று இரண்டு விதமாகவும் சொல்லிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். கூட்டத்தில் ஜோடியோடு முதுகைத் திருப்பி உட்கார்ந்து பத்து எண்களைச் சொல்லி எழுதவைத்துப் பாருங்கள். முகமும் கையசைவும் சரியாகத் தெரியாத அழைப்பில் என்ன நடக்கிறது என்பது அப்போது புரியும்.

கூச்சத்துக்கு வருகிறேன். 'பெரிய துரை வந்துவிட்டார்' என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள் என்பதால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் உண்மையான பயன் பாதி இதில்தான் இருக்கிறது: அங்கே எல்லாரும் அதே படகில் இருப்பதால் யாருக்கும் யாரையும் கேலி செய்ய முகம் இல்லை. கைபேசியில் இயந்திரத்தோடு பேசிப் பழகும் செயலிகளும் கூச்சத்துக்கு உதவும். ஆனால் அது உங்களைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்காது, பேச்சின் நடுவே குறுக்கிடாது, பொறுமை இழக்காது. பையர் மூன்றையும் செய்வார்.

எவ்வளவு நாளாகும்? 'முப்பதே நாளில்' என்று சுவரொட்டியில் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் உத்தேசக் கணக்கில், தொடக்கத்திலிருந்து ஏ2 நிலைக்கு (மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை பிரிக்கும் ஆறு படிகளில் இரண்டாவது) 180 முதல் 200 மணி நேரக் கற்றல், அதற்கு அடுத்த பி1 நிலைக்கு மொத்தம் 350 முதல் 400 மணி நேரம். அதாவது ஒரு படி ஏறுவதற்கே நூற்றைம்பது மணிக்கு மேல். வாரம் ஒரு மணி நேரக் கூட்டம் ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம்தான் தரும். வாசிப்பும் எழுத்தும் ஏற்கெனவே இருப்பதால் உங்களுக்கு அத்தனை காலம் தேவைப்படாது. ஆனாலும் ஞாயிறை மட்டும் நம்பினால் தேர் நகராது. கூட்டத்தில் கிடைத்த ஒரு செய்தியை வாரநாளில் தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' போன்ற சிறு ஒலிபரப்பைக் கேட்டு, நிறுத்திவிட்டு, கேட்டதை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்வதும் நல்ல பயிற்சி. வண்டி ஓட்டும்போது வேண்டாம்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு, நம் ஊர்களிலும் கிளப்புகள் உண்டு. 'ஆ', 'ம்' என்று எத்தனை முறை இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கே அங்கே ஒருவரை நியமிப்பார்கள். மேடைப் பேச்சுக்கு அது நல்ல இடம். குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் வேண்டிய உங்களுக்கு அது அடுத்த கட்டம், முதலில் இது.

போய்ப் பார்த்த கூட்டம் தேறவில்லை என்றால் நீங்களே ஒன்று தொடங்குங்கள். நான்கு பேர் போதும், ஆனால் நால்வரும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம். ஒருவருக்கொருவர் சொல்லிப் புரியவைக்க ஏதாவது இருக்க வேண்டுமே. நூலக வாசிப்பறை ஒத்துவராது, விரட்டிவிடுவார்கள். பூங்காவோ யாருடைய வீட்டு மொட்டைமாடியோ போதும். முதல் வாரத்துக்குத் தட்கல் டிக்கெட் எடுக்கும் முறையை வைத்துக்கொள்ளுங்கள்: பயணத்துக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி, பெயர்களை முன்கூட்டியே சேர்த்துவைப்பது, பணம் கட்டும் இடத்தில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்ல நிறைய இருக்கிறது. அதை எடுத்தே பழகாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் விளக்குங்கள். விளங்கியதா என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். கேட்டவரையே முதலிலிருந்து ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் படியை விட்டுவிடுகிறாரோ, அதை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை. ஆளை மாற்றி அந்த இடத்தை மறுபடி சொல்லுங்கள்.